அறுபத்தொன்றுக்கு ஒன்று

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எழுபதுகளின் அமெரிக்க அரசியலால் நான் என் சின்னம்மாவோடு ஒரு கிழமை பேசாமல் இருந்தேன். இதைச் சொன்னால் இன்று ஒருவரும் நம்புவதில்லை. அமெரிக்கா எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. எழுபதுகள் நான் பிறக்க முன்பே முடிந்து போயிருந்தன. சின்னம்மாவோ எங்களுக்கு ஆறு மாடி மேலே, பதினேழாம் மாடியில் இருந்தார். இந்த மூன்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தது எங்கள் கட்டடத்தின் எலிவேற்றர்.

கனடாவில், ஸ்காபரோவில் பதினெட்டு மாடிக் கட்டடம் அது. இரண்டு எலிவேற்றர். ஒன்றின் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மற்றது தன் மனம்போலப் போய்வந்தது. ஏழாம் பொத்தானை அமத்தினால் பன்னிரண்டில் நிற்கும், சில வேளை இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. சித்தப்பாவுக்கு அப்படி இல்லை. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் ஆஸ்பத்திரி வாகனம் கீழே வந்து நிற்கும், பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடும். எலிவேற்றர் வேலை செய்யாத நாட்களில் அவர் பதினேழு மாடியும் படியால் இறங்கி, பின்னேரம் இரத்தமெல்லாம் கழுவி எடுத்த உடம்போடு பதினேழு மாடியும் ஏற வேண்டும். அதற்காக சின்னம்மா ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பங்களில் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை ஒவ்வொன்று போட்டிருந்தார். ஒன்பதாம் மாடிக் கதிரையில்தான் சித்தப்பா அதிக நேரம் இருப்பார். போகிறவர் வருகிறவர், “என்ன அண்ணை, இதிலை இருக்கிறியள்?” என்று கேட்டால், “காத்து வாங்கிறன்” என்பார். அந்தப் படிக்கட்டில் ஒரு யன்னல்கூட இல்லை.

எலிவேற்றரைத் திருத்தச் சொல்லிக் கேட்க ஒரு வழி இருந்தது. இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் சின்னம்மாவுக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். தனி ஆளாக முறைப்பாடு கொடுத்தால் வரிசையில் கிடக்கும்; குடியிருப்போர் சங்கம் கடிதம் எழுதி, தலைவர் ஒப்பமிட்டு, சீல் குத்தி அனுப்பினால் நகரசபையில் இருந்து உடனே வந்து பார்ப்பார்கள். எங்கள் கட்டடத்தில் சங்கம் இருந்தது. தலைவரும் இருந்தார். சீல் அவருடைய கைப்பெட்டிக்குள் இருந்தது. அதை வெளியே எடுப்பிப்பதுதான் பிரச்சினை.

தலைவர் அங்கிள் ஊரில் தபாலதிபராக இருந்தவர். கனடாவுக்கு வந்த நாளில் இருந்து கட்டடத்தில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். அம்மாவை இங்கே கூப்பிட அப்பாவுக்கு விண்ணப்பம் நிரப்பியவரும் அவர்தான். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் சின்னம்மாவும் ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர்கள், அப்பா அதுவும் இல்லை. நான் எழுத்துக்கூட்டப் பழகும்வரை எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் கடிதத்தையும் வாசித்தவர் அங்கிள். அப்படிப்பட்டவரிடம் போய் சின்னம்மா கேட்டபோது அவர் தன் தலையைத் தடவினார்.

“பிள்ளை, கட்டட மனேச்சரோடை பகைச்சால் நாளைக்கு எங்கடை சனத்துக்கு ஒருத்தனும் வீடு குடான். நான் வாயாலை சொல்லிப் பாக்கிறன்.”

அவர் வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஒரு குளிர்காலம் போனது.

இந்த இடத்தில்தான் லின்டா அன்ரி வருகிறார். எங்கள் மாடியிலேயே, எங்கள் கதவுக்கு எதிர்க் கதவு. நூலகத்தில் வேலை. அமெரிக்காக்காரி. ஒரு மாலை சின்னம்மாவும் அவரும் எலிவேற்றருக்குள் ஒன்றரை மணித்தியாலம் அகப்பட்டுக்கொண்டார்கள். சின்னம்மாவுக்கு இங்கிலிஷ் இருபது சொல் தெரியும். லின்டா அன்ரிக்குத் தமிழில் ‘வணக்கம்’ தெரியும். கதவைப் பிரித்து இருவரையும் வெளியே எடுத்தபோது, சின்னம்மா சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவது என்று முடிவாகியிருந்தது. எந்தப் பாஷையில் முடிவானது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

லின்டா அன்ரிக்கு இது விளையாட்டான விஷயம் அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு இருபது வயது. சோளம் விளைகிற ஒரு நடு மாநிலத்தில் சின்ன ஊர். ஊர்ப் பொடியன்களைப் போருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அதுவரை ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளரைப் பெரிய ஆட்கள் அறைக்குள் இருந்து சுருட்டுப் புகைத்தபடி தெரிவு செய்வார்களாம். அதை எதிர்த்த இளைஞர்கள் முந்திய தேர்தலில் கட்சி மாநாட்டு வாசலில் பொலிஸிடம் அடிவாங்கினார்கள். அதற்குப் பிறகு விதிகளை மாற்றி, பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கறுப்பர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். பதினெட்டு வயதுக்காரருக்கு வாக்கும் அப்போதுதான் வந்தது. “கதவு திறந்த உடனே உள்ளே ஓடின ஆட்கள் நாங்கள்” என்பார் லின்டா அன்ரி. அதைச் சொல்லும்போது அவர் நூலகத்தில் வேலை செய்பவர் போலவே இருக்கமாட்டார்.

அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று இருந்தது. பனி கொட்டிய ஒரு தை மாதம், பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம், ஊர்ச்சனம் நூறு பேர். அங்கே வாக்குச் சீட்டு இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. யாரை ஆதரிக்கிறாயோ அவருடைய மூலையில், அயலவர் பார்க்க, போய் நிற்க வேண்டும். இன்னும் தீர்மானிக்காதவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைய வேண்டும். அரை மணித்தியாலம் தருவார்கள். அதற்குள் கலைந்தவர்கள் பேரம் பேசி வேறு மூலைக்குப் போகலாம். லின்டா அன்ரியின் மூலையில் ஒன்பது பேர். போரை உடனே நிறுத்துவேன் என்று சொன்னவரின் ஆட்கள். எதிர் மூலையில் பதினொரு பேர். போரை மெல்ல மெல்ல நிறுத்துவேன் என்று சொன்னவரின் ஆட்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் லின்டா அன்ரியின் அக்கா. “எங்களோடை வாங்கோ, இரண்டும் சேர்ந்தால் எங்கள் ஊரில் இருந்து மாநாட்டுக்கு ஒருவரை அனுப்பலாம்” என்று அக்கா கெஞ்சினாராம். இவர்கள் மறுத்தார்கள். அவர்களும் இங்கே வர மறுத்தார்கள். இரண்டு மூலையும் எண்ணிக்கையில் இருந்து விழுந்தது. போரைப் பற்றி ஒன்றுமே சொல்லாத பெரிய ஆள் ஊரை முழுதாக எடுத்துக்கொண்டு போனார்.

“நாங்கள் அசையவில்லை. காவலாளி வந்து விளக்கை அணைக்கும்வரை அதே மூலையில் நின்றோம்” என்று முடிப்பார். அந்த வருடம் இலையுதிர் காலத்தில் அவருடைய கட்சி நாடு முழுவதும் ஒரே ஒரு மாநிலத்தைத் தவிர எல்லாவற்றிலும் தோற்றது. அடுத்த வருடம் போருக்கு மறுத்த காதலனோடு அவர் ரொறன்ரோவுக்கு வந்தார். காதலன் பிறகு வன்கூவருக்குப் போய்விட்டான். அக்காவோடு பேச்சு அந்த விளையாட்டு மண்டபத்தோடேயே நின்றுபோயிருந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒரே ஒரு வரி. நாங்கள் அசையவில்லை. பள்ளிக்கூட இடைவேளையில் கொடி பிடிக்கும் விளையாட்டில்கூட அதைச் சொல்லிக்கொண்டு நின்று, மூன்று முறை அவுட் ஆனேன்.

தேர்தல் வேலை தொடங்கியது. லின்டா அன்ரி கோடு போட்ட தாள் ஒன்று செய்தார். ஒவ்வொரு வீட்டு இலக்கத்துக்கும் எதிரே ஒன்றில் இருந்து ஐந்துவரை ஒரு எண் போட வேண்டும். ஒன்று என்றால் நிச்சயம் எங்கள் ஆள். மூன்று என்றால் தெரியாது. ஐந்து என்றால் நிச்சயம் எதிர்ப்பு. எழுபதுகளில் அவர்கள் பனிக்குள் வீடு வீடாகப் போய் இப்படித்தான் போட்டார்களாம். சின்னம்மாவுக்குப் பின்னேர வேலை, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில். ஆகவே பள்ளிக்கூடம் விட்டபின் லின்டா அன்ரியும் நானும் போனோம். கதைத்தது நான், மொழிபெயர்த்தது நான், எண் போட்டதும் நான்தான்.

அந்த வேலை எனக்கு மிக நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கதவும் திறந்தது. “வா அப்பன், வா, வெள்ளைக்கார அன்ரியையும் வரச் சொல்லு” என்பார்கள். இருத்துவார்கள். தேத்தண்ணி வரும், பிஸ்கற் வரும், ஒரு வீட்டில் அவித்த சோளம் வந்தது. நான் பாடம் செய்து வைத்ததை ஒப்புவிப்பேன். “எங்கடை சின்னம்மா தலைவருக்கு நிக்கிறா. எலிவேற்றர் திருத்த வேணும். உங்கடை ஆதரவு வேணும்.”

“ஓம் ஓம். கட்டாயம். சின்னம்மாவுக்குத்தானே? இதைக் கேக்கவும் வேணுமே?”

நான் ஒன்று போடுவேன். தேத்தண்ணியோடு பலகாரமும் வந்தால் ஒன்றைச் சுற்றி வட்டமும் போடுவேன்.

பதினொன்றாம் மாடியின் கடைசி வீட்டு அன்ரி என் கன்னத்தைத் தடவி, “உன்ரை சின்னம்மா மாதிரி ஒரு மனுசி இந்தக் கட்டடத்திலை உண்டோ?” என்றார். அவருக்கு இரண்டு வட்டம். ஆறாம் மாடியில் மட்டும் பிழைத்தது. யமேக்கா நாட்டு அன்ரி ஒருவர் கதவைப் பாதி திறந்து, இவ்வளவு நாளும் எங்கே போனீர்கள், இந்தச் சங்கம் இதுவரை என்னத்தைக் கிழித்தது, என் முழங்காலுக்கு யார் பதில் சொல்வது என்று பத்து நிமிடம் ஏசினார். தேத்தண்ணி தரவில்லை. நான் ஐந்து போட்டேன்.

முடிவில் கூட்டிப் பார்த்தோம். கதவு திறந்த அறுபத்து மூன்று வீட்டில் ஐம்பத்தேழு ஒன்று. லின்டா அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தன் வாழ்நாளில் இப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை என்றார்.

வேலையால் வந்த சின்னம்மாவிடம் தாளைக் காட்டினோம். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே அதைப் பார்த்துச் சிரித்தார்.

“உந்தச் சனம் வீட்டு வாசலிலை வைச்சு ஆருக்குத்தான் இல்லையெண்டு சொன்னது? நாளைக்கு அங்கிள் போனாலும் ஓம் எண்டுதான் சொல்லும். இதை நம்பாதையுங்கோ எண்டு அன்ரிக்குச் சொல்லு.”

லின்டா அன்ரி என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார்?

ஐம்பத்தேழும் நான் என் கையால் போட்டது. “உங்களுக்கு நன்றி சொல்கிறா” என்றேன்.

இன்று நான் ஒரு கட்சிக்காகத் தேர்தல் வேலை செய்கிறவன். எங்கள் தொகுதியில் வீடு வீடாகப் போய் எண் போடப் புதியவர்களைப் பழக்குவதும் என் பொறுப்புத்தான். தேத்தண்ணி தந்தவருக்கு நான் மூன்றைவிட நல்ல எண் போட விடுவதில்லை. நின்று ஏசுகிறவரை இரண்டில் வைக்கச் சொல்வேன். இது எனக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த அறிவு அல்ல.

தலைவரைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு தலைவர் அங்கிள் லின்டா அன்ரியைக் கீழே தபால் பெட்டிகளுக்கு முன் சந்தித்தார். அவர் நியாயமான மனிதர், அதை மறுக்க முடியாது. முதன்முதலாக ஒரு போட்டி வருகிறபடியால் சீட்டுப் போட்டு, மடித்துப் பெட்டிக்குள் போடுகிற முறையில் நடத்தினால் ஒருவருக்கும் சங்கடம் இல்லை என்றார். லின்டா அன்ரியின் கையில் ஐம்பத்தேழு ஒன்று இருந்தது. வேண்டாம், எழுந்து நிற்கட்டும் என்றார். ஒளித்துப் போட்ட சீட்டு ஒருவரையும் கட்டுப்படுத்தாது. அயலவர் முன்னால் எழுந்து நிற்கிறவர்தான் நாளைக்கும் நிற்பார். மூலை, எண்ணிக்கை, நூற்றுக்குப் பதினைந்து, அரை மணித்தியாலம், எல்லாம் விளக்கினார். அங்கிள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். ஒரு புது விதியைச் சுத்தமாக எழுதுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பேஸ்மன்ற் மண்டபத்தில் கூட்டம். வலப்பக்க மூலையில் அங்கிளின் பெயர், இடப்பக்க மூலையில் சின்னம்மாவின் பெயர், நான் வண்ணப் பேனையால் எழுதி ஒட்டியிருந்தேன். நடுவில் பிங்பொங் மேசை. அது தீர்மானிக்காதவர்களின் இடம் என்று லின்டா அன்ரி அறிவித்தார். அந்த மேசையில்தான் அங்கிளின் மனைவி ரோல்ஸும் பற்றீஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்திருந்தார். எழுபதுகளின் விதிகளில் இதற்கு ஏற்பாடு இருக்கவில்லை.

மணி அடித்தது. சனம் எழுந்தது. அங்கிளின் மூலைக்கு இருபத்தொரு பேர் போனார்கள். எங்கள் மூலைக்குச் சின்னம்மா, கதிரையில் சித்தப்பா, அம்மா, லின்டா அன்ரி, பதினான்காம் மாடிப் பிலிப்பீன்ஸ் பெடியன், இவர்களுக்கெல்லாம் முதல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற யமேக்கா அன்ரி. ஆறு பேர். மற்ற எல்லோரும் பிங்பொங் மேசையைச் சுற்றி நின்றார்கள். முப்பத்திநாலு பேர். ஐம்பத்தேழில் வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான்.

அந்த முப்பத்திநாலில் ஒருவர் என் அப்பா. கையில் ஒரு ரோல்ஸ். எங்கள் வீட்டுக் கதவை நாங்கள் தட்டவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

நான் தாளோடு மேசைக்கு ஓடினேன். இரண்டு வட்டம் போட்ட பதினொன்றாம் மாடி அன்ரியைப் பிடித்தேன்.

“அன்ரி, நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம் எண்டனான் தானே அப்பன். அதுதானே வந்து நிக்கிறன்.”

“அங்க வந்து நிக்க வேணும் அன்ரி. அந்த மூலையிலை.”

“அங்க வந்தால் அங்கிள் பாப்பார். இங்க வந்தால் சின்னம்மா பாப்பா. இதிலை நிண்டால் ஆருக்கும் ஒண்டும் இல்லை. இந்தா, பற்றீஸ் சாப்பிடு.”

அப்பாவைப் பார்த்தேன். அவர் ரோல்ஸைப் பார்த்தார். “உன்ரை அம்மாவை இங்க கூப்பிட்ட கடிதம் ஆர் எழுதினது எண்டு தெரியுமோ உனக்கு?” என்றார் மெதுவாக.

லின்டா அன்ரி தாளையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்துபோய் இருந்தது. ஆறு என்பது நூற்றுக்குப் பத்துக்கூட வராது. அவர் கொண்டுவந்த விதிப்படி எங்கள் மூலை கலைய வேண்டும். அங்கிள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “அரை மணித்தியாலம் தொடங்குது” என்று கொப்பியில் குறித்தார். லின்டா அன்ரி எங்கள் மூலையில் போய், சுவரோடு முதுகு வைத்து நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கதை முடிவு தெரியும். இனி காவலாளி வந்து விளக்கை அணைக்க வேண்டியதுதான்.

சின்னம்மா மட்டும் நிற்கவில்லை. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டபத்தைக் குறுக்கே கடந்து அங்கிளுக்கு முன்னால் போனார்.

“அண்ணை, இதிலை நடுவிலை நிக்கிற சனம் உங்களை வேண்டாம் எண்டு நிக்கேல்லை. எண்டாலும் உங்களிட்டை வரவும் இல்லை. ஏன் தெரியுமோ?”

“சொல்லு பிள்ளை.”

“பாதிக் கால் உங்கடை மரியாதைக்கு நிக்குது. பாதிக் கால் எலிவேற்றருக்கு நிக்குது. அதாலை நடுவிலை நிக்குது.”

யாரோ சிரித்தார்கள். அங்கிள் சிரிக்கவில்லை.

“தலைவர் நீங்களே இருங்கோ. நான் உங்கடை பக்கம் வாறன். நான் வந்தால் இவையும் நிம்மதியா வருவினம். ஆனால் கடிதம் இண்டைக்கு, இதிலை வைச்சு எழுத வேணும். சீலும் குத்த வேணும்.”

“மனேச்சர் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கமாட்டான் பிள்ளை.”

“மனேச்சரிட்டை என்னைக் கை காட்டுங்கோ. அவள் நிண்டு கரைச்சல் குடுத்தவள் எண்டு சொல்லுங்கோ. ஆனால் எழுதுறது நீங்கள். உங்களைப் போலை எழுத இஞ்ச ஆர் இருக்கினம்?”

அங்கிள் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தன் கதிரையில் இருந்தபடி, “அண்ணை, நான் காத்து வாங்கினது போதும்” என்றார்.

அங்கிள் கைப்பெட்டியைத் திறந்தார். பற்றீஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பிங்பொங் மேசையில் குனிந்து எழுதினார். நிமிராமல் ஒரு பக்கம். எழுதிய பிறகு ஒரு தடவை வாசித்து, இரண்டு இடத்தில் திருத்தினார். ஒப்பமிட்டார். சீல் கட்டையை எடுத்து வாயால் ஊதிக் குத்தினார். கடிதத்தின் மூலையில் ஒரு எண்ணெய்ப் பொட்டு இருந்தது. அதை அவர் கவனிக்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் எனக்கு அப்போது எல்லோர்மேலும் கோபம்.

சின்னம்மா அங்கிளின் மூலையில் போய் நின்றார். மேசையில் நின்ற சனம் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போனது. அவ்வளவு வேகமாக அந்தச் சனம் அசைந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா போனார். அம்மா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். யமேக்கா அன்ரி கடிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சீல் குத்திய இடத்தை விரலால் தொட்டுவிட்டுப் போனார்.

சுவரோடு இரண்டு பேர் மிஞ்சினோம். நான் லின்டா அன்ரியை நிமிர்ந்து பார்த்தேன். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. “என் அக்கா இதைப் பார்த்திருக்க வேண்டும்” என்றார், எனக்கல்ல, முன்னால் இருந்த மண்டபத்துக்கு. பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, வா என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் நடந்து போனார்.

நான் அசையவில்லை.

அங்கிள் எண்ணினார். “என்ரை பக்கம் அறுபத்தொரு பேர். எதிர்ப் பக்கம் ஒருத்தர்.”

“அண்ணை, அவனுக்குப் பத்து வயசு” என்றார் அம்மா.

“வயசைப் பற்றி இந்த விதியிலை ஒண்டும் இல்லைப் பிள்ளை. நிக்கிறவரை எண்ண வேணும் எண்டுதான் இருக்கு.” கொப்பியில் எழுதினார்: அறுபத்தொன்றுக்கு ஒன்று.

கடிதம் போய்ச் சேர்ந்தது. நகரசபையில் இருந்து வந்து பார்த்தார்கள். ஆறு கிழமையில் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு எலிவேற்றரையும் திருத்தினார்கள். மனேச்சர் அங்கிளோடு முகம் கொடுத்துத்தான் பேசினார். முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் பயந்து பேசினார் என்று அப்பா சொன்னார்.

எலிவேற்றர் ஓடத் தொடங்கிய நாளில் இருந்து நான் சின்னம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். அதுவரை கோபம் இருந்தாலும் கொள்கைக்கு ஒரு வடிவம் கிடைத்திருக்கவில்லை. இப்போது கிடைத்தது. கொள்கையை விற்று வாங்கிய எலிவேற்றரில் நான் ஏறமாட்டேன் என்று முடிவெடுத்தேன். காலையில் பதினொரு மாடி படியால் இறங்கினேன். பின்னேரம் புத்தகப் பையோடு பதினொரு மாடி ஏறினேன். ஒரு நாள் கீழே கதவு திறந்து கிடந்தது. உள்ளே சித்தப்பாவும் சின்னம்மாவும். ஆஸ்பத்திரியால் வருகிறார்கள்.

“ஏறன் தம்பி” என்றார் சித்தப்பா.

நான் படிக்கட்டுக் கதவைத் தள்ளினேன்.

“விடுங்கோ” என்றார் சின்னம்மா. “அவர் அமெரிக்காக்காரன்.”

ஒன்பதாம் மாடிக்கு வர மூச்சு வாங்கியது. வெள்ளைக் கதிரை இன்னும் அங்கேயே கிடந்தது. பையைக் கழற்றி வைத்துவிட்டு அதில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்தால் எலிவேற்றர் மேலே போகிற சத்தம் கேட்டது. உள்ளே சித்தப்பா ஏதோ சொல்ல, சின்னம்மா சிரித்தார். ஒன்பதில் நிற்காமல், பத்தில் நிற்காமல் அந்தச் சிரிப்பு மேலே மேலே போனது. இந்தக் கட்டடத்தில் தோற்காத ஒரே ஆள் நான்தான் என்று அந்தக் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். அதில் இருக்க வேண்டிய ஆள் இனி படியேறி வராததால்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.